பிரெஞ்சு அட்லாண்டிக் கப்பல்களும் அரசின் கையெழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த பயணிகள் கப்பல்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். டைட்டானிக்குக்கும் குயின் மேரிக்கும் ஜெர்மானியரின் பிரேமனுக்கும் பத்தி பத்தியாக இடம் தந்த அக்கட்டுரை, பிரெஞ்சுக் கப்பல்களை இரண்டே வாக்கியங்களில் முடித்துக்கொண்டது. அவை ஆடம்பரத்துக்குப் பேர்போனவை, லாபம் பார்க்கத் தெரியாதவை என்பது ஒன்று. நார்மண்டி என்ற கப்பல் நியூயார்க் துறைமுகத்தில் எதிரிகளின் நாசவேலையால் எரிந்து அழிந்தது என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது உண்மையே அல்ல. சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இந்தக் கப்பல்களை நடத்திய நிறுவனத்தோடு ஒரு காலத்தில் கசப்பான தொடர்பு கொண்டிருந்த காரைக்காலைச் சேர்ந்தவன் என்ற முறையிலும், இது குறித்துச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

லாபம் பார்க்கத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அட்லாண்டிக்கில் ஓடிய பிரெஞ்சுக் கப்பல்களில் பெயர் சொல்லும்படியானவை ஏறக்குறைய எல்லாமே கொம்பாஞி ழெனெரால் திரான்சத்லாந்திக் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. எமில் பெரேர், இசாக் பெரேர் என்ற வங்கியாளர் சகோதரர்கள் 1855-இல் வேறொரு பெயரில் தொடங்கிய இந்த நிறுவனம், மூன்றாம் நெப்போலியனின் அரசோடு தபால் ஒப்பந்தம் செய்துகொண்டு 1861-இல்தான் புதிய பெயரைச் சூட்டிக்கொண்டது. கடிதங்களைக் குறித்த நாளில் நியூயார்க்குக்கும் கரீபியன் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு ஆண்டுதோறும் மானியம் தருவது அரசின் பொறுப்பு. கப்பல்களில் ஒரு பகுதியைப் பிரான்சிலேயே கட்டவேண்டும் என்பதும் நிபந்தனை. அத்தனை பெரிய நீராவிக் கப்பல்களைக் கட்டும் தளம் அவர்களிடம் அப்போது இல்லாததால், ஸ்காட்லாந்தின் கிரீனக்கிலிருந்து கப்பல் கட்டுநர்களை வரவழைத்து, லுவார் ஆற்றின் முகத்துவாரத்தில் சேன் நசேர் ஊரை ஒட்டிய பெனோயத்தில் ஒரு தளத்தை அமைத்தார்கள். 1864 ஜூன் 15 அன்று லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் புறப்பட்ட வாஷிங்டன் என்ற கப்பல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டதுதான். இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள் சுழல ஓடிய கப்பல் அது. ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளில் பிரான்சின் பெருங்கப்பல்கள் பெரும்பாலும் பெனோயத்தில்தான் பிறந்தன.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தக் கப்பல்கள் தொடங்கிய நாளிலிருந்தே தனியார் வணிகம் மட்டுமாக இருந்ததில்லை. தபால் சேவை, உள்நாட்டுத் தொழிலாளருக்கு வேலை, போர்க்காலத்தில் துருப்புகளை ஏற்றிச் செல்லும் வசதி, அயல்நாட்டார் முன் நாட்டின் பெயர் என நான்கையும் அரசு விலை கொடுத்து வாங்கியது. அப்படி வாங்கிய ஒன்றைப் பயணச்சீட்டு வருமானத்தை மட்டும் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு, நட்டம் என்று எழுதுவது நியாயமாகப் படவில்லை.

அந்த நிறுவனத்தின் முதல் சில ஆண்டுகளைப் பற்றி நம் பகுதி வாசகர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தபின், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் அனுப்பும் வேலை புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தொடங்கியது. முதல் கப்பல் மார்த்தினிக்கைச் சென்றடைந்தது 1853 மே மாதத்தில். 1855-இல் இந்த ஆள் ஏற்றும் ஒப்பந்தம் பெரேர் சகோதரர்களின் புதிய நிறுவனத்தின் கைக்கு வந்து, சில ஆண்டுகள் அதனிடமே இருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் ஓடிய பாய்மரக் கப்பல்களின் அடித்தளங்களில் தமிழ்க் குடும்பங்கள் போயின. இந்த முறை நீடித்த மூன்று பதிற்றாண்டுகளில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்கு 40,000-க்கு மேற்பட்டோரும் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். பின்னாளில் கண்ணாடித் தூண்களும் அரக்குச் சித்திரங்களுமாக மிதந்த மாளிகைகளைக் கட்டிய நிறுவனம், தன் தொடக்கக் கணக்கில் இந்த வரவையும் எழுதிக்கொண்டது. நம்மூரில் மெஸாஜெரி என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். சைகோனுக்கும் கொழும்புக்கும் ஓடிய கப்பல்களை வைத்திருந்த மெஸாஜெரி மாரிதீம் நிறுவனம் அது. அட்லாண்டிக் நிறுவனத்தின் பெயரோ நம் நினைவிலேயே இல்லை. கரீபியன் தீவுகளில் இன்று மாரியம்மனையும் மதுரை வீரனையும் வழிபடுகிறவர்களின் முன்னோர்கள் எப்படி அங்கே போனார்கள் என்று எழுத நேரும்போதெல்லாம் இந்தப் பெயரையும் சேர்த்தே எழுதவேண்டும்.

நியூயார்க் தடத்தின் முதல் நாற்பது ஆண்டுகளில் பெருமைப்பட அதிகம் இல்லை. 1873 நவம்பரில் வில் து ஹாவ்ர் கப்பல் ஒரு பாய்மரக் கப்பலோடு மோதி மூழ்கியதில் 226 பேர் இறந்தார்கள். 1898 ஜூலை 4 அன்று, மூடுபனியில் இதே போன்ற மோதலில் லா பூர்கோஞ் மூழ்கியபோது ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் இருந்த பெண்களில் உயிர் பிழைத்தவர் ஒரே ஒருவர், மாலுமிகளோ கணிசமாகத் தப்பித்திருந்தார்கள். அந்த அவப்பெயர் நெடுநாள் நிலைத்தது.

டைட்டானிக் மூழ்கிய ஐந்தாம் நாள், 1912 ஏப்ரல் 20 அன்று, நான்கு புகைபோக்கிகளோடு லெ ஹாவ்ரிலிருந்து புறப்பட்டது பிரான்ஸ் என்ற பெயருடைய முதல் பெருங்கப்பல். 23,769 டன், டைட்டானிக்கின் அளவில் பாதிதான். பதினான்காம் லூயி காலத்து அரண்மனை பாணியில் அலங்கரிக்கப்பட்டிருந்ததால் அதை அட்லாண்டிக்கின் வெர்சாய் என்றார்கள். பிரிட்டிஷாரோடும் ஜெர்மானியரோடும் அளவில் போட்டியிட முடியாது, உணவிலும் உபசரிப்பிலும் போட்டியிடலாம் என்று நிறுவனம் முடிவு செய்தது அப்போதுதான் என்பது என் கணிப்பு. அடுத்து வந்த பாரி (34,569 டன், 1921) அதே வழியில் நின்றது.

உண்மையான திருப்பம் 1927 ஜூனில் முதல் பயணம் கிளம்பிய ஈல் து பிரான்ஸ். 43,153 டன் கொண்ட அது, உலகின் மிகப் பெரிய கப்பலும் அல்ல, மிக வேகமான கப்பலும் அல்ல. அதுவரை கடலில் ஓடிய பெருங்கப்பல்களெல்லாம் கரையில் இருக்கும் ஏதோ ஓர் அரண்மனையைப் போலத் தோன்ற முயன்றவை. 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சி காட்டிய புதிய பாணியை அப்படியே ஏற்று, தன் காலத்தைப் போலவே தோன்றத் துணிந்த முதல் பெருங்கப்பல் இதுதான். நேர்க்கோடுகள், மறைவிலிருந்து பரவும் விளக்கொளி, வேலைப்பாடு குறைந்த மரப்பலகைச் சுவர்கள் என்று அங்கே தொடங்கியது பிறகு பல நாடுகளின் ஓட்டல்களிலும் திரையரங்குகளிலும் பரவியது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த ஆண்டுகள் அவை. பிரெஞ்சுக் கப்பலில் காலடி வைத்தால் உணவு மேசையில் ஒயின் உண்டு என்பதும் கூட்டத்தைச் சேர்த்தது. குடியேறுவோரின் எண்ணிக்கையை அமெரிக்கா 1921-இலும் 1924-இலும் சட்டம் போட்டுக் குறைத்துவிட்டதால், மூன்றாம் வகுப்பு ஏழைகளின் கட்டணத்தில் பிழைத்த எல்லா நிறுவனங்களும் சுற்றுலாப் பயணிகளைத் தேடி அலைந்த காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1928 ஆகஸ்டில் இதே கப்பலின் பின்தளத்திலிருந்து ஒரு கடல் விமானத்தைக் கவண் பொறியால் எறிந்து பறக்கவிட்டு, தபால் ஒரு நாள் முன்னதாகவே கரை சேரும்படி செய்தார்கள். பெரேர் காலத்துத் தபால் ஒப்பந்தத்தின் எண்ணம் எழுபது ஆண்டு நெருங்கியும் மாறவில்லை.

இனி நார்மண்டிக்கு வருகிறேன். அந்தக் கப்பலைப் பற்றி ஒரே வாக்கியத்தில் எழுதுவது பெரும் அநீதி. 1931 ஜனவரியில் பெனோயத்தில் அதன் கட்டுமானம் தொடங்கியபோது உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. நிறுவனம் அந்த ஆண்டே தள்ளாடியது. அரசு கடன் கொடுத்துத் தாங்கியது. 1933-இல் அரசே பெரும்பான்மைப் பங்குதாரர் ஆனது. அன்று வேலையை நிறுத்தியிருந்தால் சேன் நசேர் என்ற ஊரே பட்டினி கிடந்திருக்கும்.

அதன் உடலை வடிவமைத்தவர் விளாதிமிர் யூர்கேவிச் என்ற ரஷ்யர். ஜார் அரசின் கடற்படைக்குப் போர்க்கப்பல்களை வடிவமைத்தவர், புரட்சிக்குப் பின் அகதியாகப் பிரான்சுக்கு வந்து, பாரிஸில் ரெனோ கார் தொழிற்சாலையில் கடைசல் பட்டறைத் தொழிலாளியாக வேலை செய்தார். அவர் சேன் நசேருக்குக் கொண்டுவந்த யோசனை எளிமையாகத் தோன்றும்: எஞ்சின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவதைவிடக் கப்பலின் வடிவத்தை மாற்றுங்கள். முன்முனை பழைய கிளிப்பர் பாய்மரக் கப்பல்களைப் போல வளைந்து மேலெழும். நீருக்கடியில் அதன் பாதம் குமிழாகப் புடைத்திருக்கும். நடுவயிறு அகன்றும் இரு முனைகளும் ஒடுங்கியும் இருக்கும். மாதிரிகளைத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துச் சோதித்துப் பார்த்தபின்தான் நம்பினார்கள். முழு வேகத்தில் ஓடும்போதும் நார்மண்டியின் முன்முனை எழுப்பிய அலை வியக்கத்தக்க அளவு சிறியது என்பதை அந்தக் காலத்துப் புகைப்படங்களில் இன்றும் காணலாம். கப்பல் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு அலையும் எரிந்து வீணான எண்ணெய்தான் என்பது எஞ்சின் அறையில் நின்றவர்களுக்குத் தெரியும். இன்றைய கொள்கலன் கப்பல்களுக்கெல்லாம் குமிழ் முனை இருப்பதைத் துறைமுகம் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்தது யூர்கேவிச் மட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 313 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றில் அதைத் துணிந்து பொருத்தி, உலகுக்குப் பலனைக் காட்டியவர் அவர்.

எஞ்சின் அமைப்பும் அதே துணிச்சலைக் காட்டியது. நீராவி டர்பைன்கள் நேராகப் புரொப்பெல்லர் தண்டைச் சுழற்றுவதற்குப் பதிலாக மின்சாரத்தை உற்பத்தி செய்தன. அந்த மின்சாரத்தில் ஓடிய நான்கு பெரிய மோட்டார்கள் 1,60,000 குதிரைத் திறனில் நான்கு புரொப்பெல்லர்களைச் சுழற்றின. கனமான பற்சக்கரப் பெட்டி கிடையாது. பின்னோக்கி ஓடவும் முழு சக்தி கிடைக்கும். குறையும் இருந்தது. முதல் பயணங்களில் கப்பலின் பின்பகுதி பொறுக்க முடியாத அளவுக்கு அதிர்ந்தது. 1935-36 குளிர்காலத்தில் மூன்று இலைப் புரொப்பெல்லர்களை நீக்கி நான்கு இலைகளுடையவற்றைப் பொருத்தியபின்தான் அது அடங்கியது.

1935 மே 29 அன்று லெ ஹாவ்ரிலிருந்து கிளம்பி, ஜூன் 3 அன்று நியூயார்க்கை அடைந்தபோது, முதல் பயணத்திலேயே மணிக்கு ஏறத்தாழ 30 கடல் மைல் சராசரி வேகத்தில் அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடக்கும் கப்பலுக்கு உரிய நீல நாடா என்ற பட்டத்தை நார்மண்டி வென்றிருந்தது. அடுத்த ஆண்டு குயின் மேரி அதைப் பறித்தது. 1937-இல் நார்மண்டி மீட்டது. 1938-இல் மீண்டும் குயின் மேரி. அளவிலும் இதே போட்டிதான்: 79,280 டன்னாக இருந்த கப்பலின் பின்தளத்தில் ஒரு கூடத்தைச் சேர்த்துக் கட்டி 83,423 டன் ஆக்கினார்கள், குயின் மேரியைவிடப் பெரியது என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

புகைக் குழாய்களைக் கப்பலின் நடுவே மேலே கொண்டுபோகாமல் இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் ஏற்றியதால், நடுவில் தடையே இல்லாத கூடங்கள் கிடைத்தன. முதல் வகுப்பு உணவுக்கூடம் 93 மீட்டர் நீளம். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைவிட நீளமானது. ஒரு ஜன்னலும் இல்லாத அந்தக் கூடத்தில், ரெனே லாலிக் செய்த கண்ணாடி விளக்குத் தூண்கள் பன்னிரண்டு நின்றன, சுவர்களும் ஒளிர்ந்தன, ஒரே நேரத்தில் எழுநூறு பேர் உட்கார்ந்து உண்டார்கள். பெரிய கூடத்தில் கப்பலோட்டத்தின் வரலாற்றை ழான் துய்ப்பா கண்ணாடியின் பின்புறத்தில் பொன்னும் வெள்ளியும் கொண்டு தீட்டியிருந்தார். மூன்று புகைபோக்கிகளில் மூன்றாவதிலிருந்து புகையே வந்ததில்லை. தோற்றப் பொருத்தத்துக்காக நின்ற அதனுள் காற்றோட்டக் கருவிகளையும் பயணிகளின் நாய்களுக்கான கூண்டுகளையும் வைத்திருந்தார்கள்.

குறை சொல்லவேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும். 1,972 பயணிகளில் 848 பேருக்கு முதல் வகுப்பு. தங்கள் கட்டுரையாளர் குற்றம் சாட்டவேண்டியது இந்த எண்ணைத்தான். பொருளாதார மந்தத்தில் முதல் வகுப்புக்குக் காசு வைத்திருந்தவர்கள் குறைந்துகொண்டிருந்த காலத்தில், கப்பலின் நல்ல இடத்தையெல்லாம் அவர்களுக்கே ஒதுக்கியதால், அது சராசரியாக அறுபது விழுக்காடுகூட நிரம்பவில்லை. அதைவிடக் குறைந்த அழகும் கூடுதலான இரண்டாம் வகுப்பு அறைகளும் கொண்டிருந்த குயின் மேரி நன்றாகச் சம்பாதித்தது. வடிவமைத்த பொறியாளர் செய்த தவறு இல்லை இது. எதைக் காட்டவேண்டும் என்று மேலிடம் எடுத்த முடிவு.

அதன் முடிவைப் பற்றித் தங்கள் கட்டுரையில் வந்த பிழை திருத்தப்பட வேண்டியது. 1939 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க் வந்து சேர்ந்த நார்மண்டி, போர் தொடங்கியதால் அங்கேயே கட்டிப்போடப்பட்டது. 1941 டிசம்பரில் அமெரிக்க அரசு அதைக் கைப்பற்றி, பிரெஞ்சு மாலுமிகளை இறக்கிவிட்டு, லாஃபயெத் என்று பெயர் மாற்றி, துருப்புக் கப்பலாக மாற்றும் வேலையை அவசர அவசரமாகத் தொடங்கியது. 1942 பிப்ரவரி 9 அன்று பிற்பகல், ஆயிரக்கணக்கானோர் கப்பலுக்குள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரிய கூடத்தில் அலங்கார விளக்குகளின் இரும்புக் கால்களை கேஸ் கட்டிங் செய்து அகற்றிக்கொண்டிருந்தபோது, பறந்த பொறி அருகே குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்தது. அந்த அங்கிகளுக்குள் அடைத்திருந்தது இலவம்பஞ்சு. நம் வீடுகளில் தலையணைக்கு அடைக்கும் அதே இலவம்பஞ்சில் நெருப்பு பட்டால் எத்தனை வேகத்தில் ஓடும் என்று நான் விளக்கத் தேவையில்லை. கப்பலைக் கட்டும்போதே அமைத்திருந்த நேர்த்தியான தீயறிவிப்பு ஏற்பாடுகள் செயலில் இல்லை. அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் கரையில் இருந்தார்கள். பிரெஞ்சுக் குழாய் முனைகளோடு அமெரிக்கத் தீயணைப்புக் குழாய்கள் பொருந்தவில்லை. நகரத் தீயணைப்புப் படைக்குத் தகவல் போகவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தீயால் மட்டும் அந்தக் கப்பல் போயிருக்காது. மேல் தளங்களில் பிடித்த நெருப்பை அணைக்க, ஆற்றிலிருந்து தீயணைப்புப் படகுகளும் கரையிலிருந்து வண்டிகளும் இறைத்த தண்ணீர் முழுவதும் மேல் தளங்களிலேயே தேங்கியது. கப்பலின் உயரத்தில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலும் முழுவதும் அந்தப் பக்கமாக ஓடும். ஓடிய தண்ணீர் சாய்வைக் கூட்டும். கூடிய சாய்வு இன்னும் தண்ணீரை இழுக்கும். கடலில் வேலை செய்த எவரும் கரையிலேயே கற்றுக்கொண்டு வரும் பாடம் இது. அப்போது நியூயார்க்கிலேயே இருந்த யூர்கேவிச் துறைமுகத்துக்கு ஓடிவந்து, அடித்தளத்து வால்வுகளைத் திறந்து ஆற்றுநீரை உள்ளே விட்டால் கப்பல் நேராகவே இறங்கி ஆற்றின் அடியில் அமர்ந்துவிடும், பிறகு நீரை இறைத்து மிதக்கவிடலாம் என்று கேட்டுக்கொண்டார். கடற்படை அதிகாரிகள் ஏற்கவில்லை. பின்னிரவில், பிப்ரவரி 10 அன்று, கப்பல் ஆற்றுப் பக்கமாகப் புரண்டு படுத்தது. நாசவேலை என்ற பேச்சு அன்றே எழுந்தது உண்மைதான். விசாரணைகள் கண்டது கவனக்குறைவை. மேல்கட்டுகளையெல்லாம் வெட்டி எடுத்து, 1943-இல் பெரும்பாடுபட்டு நிமிர்த்தினார்கள். பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று போருக்குப் பின் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். துய்ப்பாவின் கண்ணாடிச் சித்திரத்தின் ஒரு பகுதி இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உணவுக்கூடத்தின் வெண்கலக் கதவுகள், நார்மண்டி மாகாணத்து நகரங்களைப் பொறித்த வட்டப் பதக்கங்களோடு, புரூக்ளினில் லெபனானியக் கிறிஸ்தவர்களின் பேராலயம் ஒன்றில் வாசற்கதவுகளாக நிற்கின்றன.

போருக்குப் பின் வந்த ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தோற்ற ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாகக் கிடைத்த யூரோப்பா என்ற கப்பலை லிபெர்த்தே என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். பழைய ஈல் து பிரான்ஸ் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் தடத்துக்கு வந்தது. 1956 ஜூலை 25 இரவு, நியூயார்க்கிலிருந்து புறப்பட்டுச் சென்றுகொண்டிருந்த அது, இத்தாலியரின் ஆந்திரேயா தோரியா மோதலில் சிக்கி மூழ்குகிறது என்ற செய்தி கேட்டுத் திரும்பியது. மூடுபனியில் விபத்து நடந்த இடத்தை நெருங்கியதும், கப்பலின் எல்லா விளக்குகளையும், புகைபோக்கிகளுக்கிடையே பெயரைக் காட்டும் பெரிய விளக்கெழுத்துகளையும் ஏற்றுமாறு கப்பித்தான் ராவுல் தெ போதெயான் ஆணையிட்டார். கைவிடப்பட்டோம் என்று அஞ்சிக் கிடந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது அந்த எழுத்துகள். அன்றிரவு அதன் படகுகள் ஏற்றி வந்தவர்கள் 753 பேர். லா பூர்கோஞின் அவப்பெயரைக் கழுவ அந்த ஓர் இரவு போதும் என்று நான் நினைக்கிறேன். தங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடைசிக் கப்பல் பிரான்ஸ். 1957 செப்டம்பரில் சேன் நசேரில் கட்டத் தொடங்கி, 1960 மே 11 அன்று குடியரசுத் தலைவர் தெ கோலின் முன்னிலையில், அவர் மனைவி பெயர் சூட்ட, நீரில் இறக்கிய கப்பல். நீளம் 316 மீட்டர். 1962 பிப்ரவரியில் முதல் பயணம். ஆனால் 1958-லேயே ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியிருந்தன. ஐந்து நாள் பயணம் ஏழெட்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்ட உலகத்துக்காக அந்தக் கப்பல் கட்டப்படவில்லை. இருந்தும் முதல் சில ஆண்டுகள் நன்றாகவே நிரம்பி ஓடியது. 1962 டிசம்பரில் மோனா லிசா ஓவியத்தை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, விமானத்தை நம்பாமல் இந்தக் கப்பலில்தான் ஏற்றினார்கள். 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்ததும் கணக்கு கைமீறியது. 1974-இல் பதவிக்கு வந்த ஜிஸ்கார் தெஸ்தேன் அரசு, கான்கார்டு விமானத்துக்குத் தொடர்ந்து பணம் ஒதுக்கிய அதே வேளையில், கப்பலுக்கான மானியத்தை நிறுத்துவதாக அறிவித்தது. செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலிருந்து திரும்பிய கப்பலை, மாலுமிகளும் ஊழியர்களும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, லெ ஹாவ்ர் துறைமுகத்தின் நுழைவாயிலில் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். பயணிகளை வேறு படகுகளில் கரை சேர்க்கவேண்டியதாயிற்று. ஒரு மாதம் நீடித்த அந்தப் போராட்டம் தோற்றது. கப்பல் நான்கரை ஆண்டுகள் லெ ஹாவ்ரின் ஓர் ஒதுக்குக் கரையில் துருப்பிடித்துக் கிடந்தது. அந்தக் கரைக்கு ஊரார் மறதித் துறை என்று பெயர் வைத்தார்கள்.

லாபம் பார்க்கத் தெரியாத கப்பல் என்ற பேச்சுக்கு விடை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. 1979-இல் ஒரு நார்வே நிறுவனம் அதே கப்பலை வாங்கி, முன்பக்கத்து எஞ்சின் அறையை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, திறந்த தளங்களை விரிவாக்கி, நார்வே என்று பெயர் மாற்றி, கரீபியன் உல்லாசப் பயணங்களுக்கு அனுப்பியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது ஓடிச் சம்பாதித்தது. கப்பலின் உடல் அதே உடல்தான். அதனிடம் கேட்கப்பட்ட வேலை மாறியிருந்தது. பிரான்சின் அரசுக்கு இந்த வழி தெரிந்திருக்காது என்று சொல்லமுடியாது. தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து அதைப் பேச எந்தப் பக்கத்துக்கும் பொறுமை இருக்கவில்லை.

2003 மே மாதம் மயாமியில் கொதிகலன் வெடித்து எட்டு ஊழியர்கள் இறந்தபின் அது மீண்டும் பயணிகளை ஏற்றவே இல்லை. ஜெர்மனியிலிருந்து மலேசியாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, ப்ளூ லேடி என்ற பெயரில் 2006 ஆகஸ்டில் பழைய கப்பல்களை உடைக்கும் குஜராத்தின் அலங் கடற்கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்ற எதிர்ப்பின் காரணமாகத் தன் கிளெமான்சோ விமானந்தாங்கிக் கப்பலை அலங் வழியிலிருந்தே பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டிருந்தது. ப்ளூ லேடியின் சுவர்களிலும் கூரைகளிலும் அதே ஆஸ்பெஸ்டாஸ் டன் கணக்கில் இருந்தது. ஆனால் அது அப்போது பிரான்சின் சொத்து இல்லை, அழைத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. 2007 செப்டம்பர் 11 அன்று நம் உச்சநீதிமன்றம் உடைக்க அனுமதி அளித்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களின் கையில் அந்தக் கப்பல் தகடு தகடாகப் பிரிந்தது. அதன் முன்முனைத் துண்டு மட்டும் பிரான்சுக்குத் திரும்பி, பாரிஸில் ஏலம் போய், இப்போது லெ ஹாவ்ர் துறைக்கரையில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அதை வெட்டிப் பிரித்த தொழிலாளர்கள் என்ன காற்றைச் சுவாசித்தார்கள் என்பதும் பிரெஞ்சு அட்லாண்டிக் கப்பல்களின் வரலாற்றில் ஒரு பக்கம்; காரைக்காலிலிருந்து அடித்தளத்தில் ஏற்றப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் எழுத இந்தியப் பத்திரிகைகளைவிடத் தகுதியானவை வேறு இல்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். நார்மண்டி நாசவேலையால் அழிந்தது என்ற செய்திக்குத் திருத்தம் வெளியிடுங்கள். தொடரின் அடுத்த பகுதிகளில் இடம் இருந்தால், 1855-க்குப் பின் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து இந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் போன கப்பல்களையும், அலங்கில் முடிந்த கடைசிக் கப்பலையும் பற்றித் தனிக் கட்டுரைகள் எழுதச் செய்யுங்கள். குவாதலூப், மார்த்தினிக் வம்சாவளியினர் பலர் தங்கள் முன்னோரின் ஊரைத் தேடி இப்பக்கம் வருகிறார்கள். அவர்களுக்கும் அவர்களை வரவேற்கும் நம்மவர்களுக்கும் அந்தக் கட்டுரைகள் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
காரைக்கால்.